எட்டாம் மாதக் கேள்வியும் என் மனைவியின் பதிலும்

1

இந்த மாதத்தோடு நாங்கள் மலேசியாவுக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. நாங்களாக அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. குடிநுழைவு அலுவலகம்தான் நினைவூட்டும். வந்திறங்கிய அதே மாதத்தில் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். என் மனைவி வளர்மதியின் அட்டையில் அவள் வேலை எழுதியிருக்கும். என் அட்டையில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால் 'சார்ந்து வாழ்பவர்'. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பதினோரு வருடம் பிழைதிருத்தியவன் நான். யார் எழுதினாலும் சிவப்பு மையால் கோடு போட்டே பழகிய கை. அந்த ஒரு சொல்லை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முதல் முறை போனபோது நடந்ததை ஊரில் யாருக்கும் நான் எழுதியதில்லை. இப்போது எழுதினால் கௌரவம் ஒன்றும் போய்விடாது. மதி ஏதோ படிவத்தை நகலெடுக்கப் போயிருந்தாள். சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மலாய் அதிகாரி, என் தாள்களைப் புரட்டிவிட்டு, "இஸ்தெரி?" என்று கேட்டார். நான் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். விமானத்தில் கசங்கிய சட்டை. வெட்கமாகிவிட்டது. "நோ இஸ்திரி, மேடம். டுமாரோ," என்றேன். மலாயில் இஸ்தெரி என்றால் மனைவி. மனைவி இல்லை, நாளைக்கு வருவாள் என்று அரசாங்கத்திடம் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு கொஞ்சம் மலாய் கற்றுக்கொண்டு போனேன். மனைவி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். மூளை என்பதற்கு 'ஓத்தாக்' என்ற சொல்லைப் பாடம் செய்து வைத்திருந்தேன். "ஓத்தாக்" என்றேன். "ஓத்தாக்-ஓத்தாக்?" என்று அதிகாரியின் முகம் மலர்ந்தது. "சேடாப்?" என்றார். கஷ்டமான வேலையா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "வெரி வெரி சேடாப்" என்று அழுத்திச் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஓத்தாக்-ஓத்தாக் என்பது மீனை மசாலாவோடு அரைத்து இலையில் சுட்டு விற்கும் பண்டம். சேடாப் என்றால் ருசி. ஆராய்ச்சிக்காக இந்த நாட்டுக்கு அழைக்கப்பட்ட என் மனைவியை மீன் பண்டம் விற்பவளாக்கிவிட்டு வந்திருந்தேன்.

இந்த ஆண்டு தடுமாறவில்லை. "என் மனைவி விஞ்ஞானி. கருவில் இருக்கும் குழந்தைக்கு மூளை எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறார்," என்று மலாயில் முழு வாக்கியமாகச் சொன்னேன். கேட்ட இளைஞர் முத்திரை குத்துவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "மெஸ்தி பங்கா," என்றார். பங்கா என்றால் பெருமை. உங்களுக்குப் பெருமையாக இருக்குமே என்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த ஆண்டு அப்படித் தலையாட்டக் காரணம் இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஊரிலிருந்து போன் செய்பவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்பார்கள். "டாக்டரம்மா எந்த ஆஸ்பத்திரி? எனக்கு முட்டி வலி, ஒரு மருந்து கேட்டுச் சொல்லேன்." அவள் அந்த மாதிரி டாக்டர் இல்லை, எலிக்குஞ்சின் மூளையைப் பார்ப்பவள் என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள். எலிக்கு எதற்கு டாக்டர் என்று என் பெரியப்பா மகன் இன்றைக்கும் கேட்கிறான்.

ராஜபாளையத்தில் ஒரு ஆலைத் தொழிலாளியின் மூன்றாவது மகள் மதி. மதுரையில் படித்தபோது ஒரு புத்தகத்தில் மூளையின் வெட்டுத்தோற்றத்தைப் பார்த்து, "இத்தனை அடுக்கும் தானா எப்படி அமைஞ்சது?" என்று கேட்கத் தொடங்கியவள், இன்னும் நிறுத்தவில்லை. மூளையின் மேலே மடிப்பு மடிப்பாக இருக்கிறதே, அந்தப் புறணிதான் அவள் உலகம். தடிமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதற்குள் ஆறு அடுக்கு. நாம் பேசுவது, கணக்குப் போடுவது, ஆள் அடையாளம் தெரிவது எல்லாம் அங்கேதான். விசேஷம் என்னவென்றால், அந்த அடுக்குகளில் இருக்கும் செல்கள் அங்கே பிறப்பதில்லை. மூளையின் உள்ளே, ஆழத்தில் பிறக்கின்றன. பிறந்து, மெல்லிய இழைகளைப் பற்றிக்கொண்டு மேலே ஏறி வருகின்றன. முதலில் பிறந்தவை கீழடுக்கில் தங்கும். பிறகு பிறந்தவை அவற்றைக் கடந்து மேலே போகும். எங்கே நிற்க வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொல்கிறார்கள்? இதுதான் மதியின் கேள்வி.

ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது திரையில் காட்டினாள். பச்சையாக ஒளிரும் ஒரு புள்ளி. அது ஒரு கையை நீட்டி இழையைப் பிடித்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. திடீரென்று உடம்பை மேலே இழுத்துக்கொண்டது. மறுபடி நின்றது. "பார்த்தீங்களா, பார்த்தீங்களா," என்றாள் மதி. அதை அவள் எத்தனையாவது தடவை பார்க்கிறாளோ, குரலில் மட்டும் முதல் தடவை போல ஒரு துள்ளல். சாப்பாடு ஆறிப்போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

எல்லாம் துள்ளலாகப் போய்விடவில்லை. நான்கு வருடம் உழைத்த ஒரு முடிவை இன்னொரு நாட்டு ஆய்வுக்கூடம் முந்திக்கொண்டு வெளியிட்டபோது, குழாயைத் திறந்துவிட்டு அரிசி களைந்துகொண்டே அழுதாள். மறுநாள் காலை ஆறரைக்கு வழக்கம் போலக் கிளம்பிவிட்டாள். நான் அவள் டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்துவிட்டு, எல்ஆர்டி ரயிலேறி, தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குப் போனேன். வந்து சில ஆண்டுகள் சும்மா இருந்த பிறகு எனக்கு வேலை செய்ய அனுமதி கிடைத்திருந்தது. அன்று முதல் இன்று வரை அங்கே ஒரு சின்ன அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் விளம்பரத்துக்கும் தமிழ் எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறேன்.

3

ஒரு புதன்கிழமை அந்த அச்சகத்துக்கு சேகர் வந்தார். கிள்ளானிலிருந்து துறைமுகத்துக்கு லோரி ஓட்டுபவர், ஐம்பது வயது இருக்கும். வலிப்பு வரும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் மாதம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் கூடுவார்களாம். அதற்குத் துண்டறிக்கை அடிக்க வேண்டும். கையெழுத்தில் கொண்டுவந்த தாளை வாங்கிப் பிழை திருத்தினேன். சிறப்புப் பேச்சாளர் என்ற இடம் காலியாக இருந்தது.

"இங்க பேரு வரணுமே, அண்ணே?"

"அதான் பாஸ் பிரச்சினை. போன தடவ வந்த டாக்டர் நல்லா பேசுனாரு. ஆனா முழுக்க இங்கிலீஷ். எங்காளுங்க எல்லாம் தலையாட்டிட்டு வந்துட்டாங்க. ஒருத்தரும் கேள்வி கேக்கல. தமிழ்ல சொல்ற ஆள் யாராச்சும் கெடைப்பாங்களான்னு பார்க்கறேன்."

"உங்க பிள்ளைக்கு என்ன?"

"பாப்பாவுக்குப் பதினாலு வயசு. அஞ்சு வயசுலேர்ந்து ஃபிட்ஸு. ஸ்கேன்ல மூளைத் தோல் ரெண்டு இருக்கற மாதிரி தெரியுதுன்னாங்க. டபுள் கோர்டெக்ஸ்." அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களை மட்டும் மந்திரம் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வீட்டில் அது சாம்பாரோடு பரிமாறப்படும் சொல். ஏறி வரும் செல்களில் ஒரு பகுதி பாதி வழியில் நின்றுபோய், புறணிக்குக் கீழே இன்னொரு பட்டையாகத் தங்கிவிடுவது. எலியில் அதை உண்டாக்கித்தான் மதி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என் மனைவி வருவாங்க," என்றேன். அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அன்று மாலை நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

"ஏங்க, நான் மருத்துவர் இல்லைன்னு உலகத்துல எல்லாருக்கும் சொல்றவரு நீங்க. அவங்க பிள்ளைய வச்சிக்கிட்டுத் தவிக்கிறவங்க. நான் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா அதை வீட்டுக்குக் கொண்டுபோவாங்க."

"உனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சது இங்கிலீஷ்ல தெரியும்ங்க. தமிழ்ல தெரியாது." சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போய் உட்கார்ந்தாள். மேல்நிலைப்பள்ளி முழுவதும் தமிழில் படித்தவள்.

மறுநாள் காலை, மருந்து பற்றிப் பேச ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸும் வருவதாக இருந்தால் தானும் வருவதாகச் சொன்னாள். சேகர் ஏற்பாடு செய்தார். துண்டறிக்கையில் என் மனைவி பெயரை நானே கோத்தேன். மற்ற எழுத்துகளைவிட அச்சளவில் இரண்டு புள்ளி பெரிதாக வைத்தேன். அவள் கவனிக்கவில்லை.

4

எங்கள் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோபம் வந்தால் மலாய். எந்த மொழியானாலும் கடைசியில் இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். மூளை என்று சொல்லச் சொன்னால் மூலை என்பாள். ஒரு சுவர்ப்பக்கத்தைக் காட்டி, "இது மூலை, தலைக்குள் இருப்பது மூளை" என்று நான் பல வருடம் கத்தியிருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான், சும்மா என்னைத் தொல்லை பண்ணுகிறீர்கள் என்பது அவள் முடிவு. இரண்டு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே இருக்கிறாள். அவளை நாங்கள் எங்கே தவறவிட்டோம் என்று மதியும் நானும் பேசிக்கொள்வதுண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதி சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்த்தாள். நான் அகராதியும் கையுமாகப் பக்கத்தில்.

"பெருமூளைப் புறணி உருவாக்கத்தின்போது நரம்பணுக்களின் இடப்பெயர்வானது..."

அறைக்கதவு திறந்தது. "அம்மா, who will understand லா? எனக்கே தலை வலிக்குது."

"அப்போ நீ சொல்லு," என்றேன் எரிச்சலோடு.

அவள் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அந்தச் செல் என்னா செய்யுது?"

"மைக்ரேட் ஆகுது."

"No, no. வீடியோல என்னா செய்யுது? ஏறுது தானே? கயித்த புடிச்சி ஏறுற மாதிரி. அதையே சொல்லுங்க. ஏறுதுன்னு."

மதி என்னைப் பார்த்தாள். பதினோரு வருடம் பிழைதிருத்தியவனுக்கு அந்தச் சொல் தோன்றவில்லை. 'இடப்பெயர்வானது' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'ஏறுது' என்று எழுதினேன். அன்று மாலை வரை மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். இனியா ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டு, புரியவில்லை என்றால் உதட்டைப் பிதுக்கினாள். பிதுக்கிய இடமெல்லாம் மாற்றினோம். அவள் தமிழ் எனக்குப் பிடிக்காத தமிழ்தான். ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் எங்கள் மூவரில் நன்றாகத் தமிழ் தெரிந்தவள் அவளாகத்தான் இருந்தாள்.

5

கடைகளுக்கு மேலே மாடியில் ஒரு சின்ன மண்டபம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். மதி ராஜபாளையத்து அம்மா கொடுத்த நீலப் புடவை கட்டியிருந்தாள். இனியா மடிக்கணினியில் படம் மாற்றும் பொறுப்பை அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம். நான் மருத்துவர் இல்லை. மருந்தைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க, நர்ஸ் அக்காகிட்ட கேளுங்க. வயித்துக்குள்ள குழந்தையோட மூளை எப்படி உருவாகுதுன்னு மட்டும் எனக்குத் தெரியும். அதுவும் கொஞ்சம்தான் தெரியும்."

அப்படித் தொடங்கி அரைமணி நேரம் பேசினாள். ஏறுது, நிக்குது, கடந்து போகுது என்று வினைச்சொற்களாகவே பேசினாள். அந்தப் பச்சைப் புள்ளி கையை நீட்டி உடம்பை இழுத்தபோது, பின்வரிசையில் ஒரு பெரியவர், "அட!" என்றார். எத்தனையோ நாடுகளில், எத்தனையோ பெரிய சபைகளில் அவள் பேசியதை நான் படங்களில் பார்த்திருக்கிறேன். எந்தப் படத்திலும் அவள் இவ்வளவு பயந்தும் இவ்வளவு அழகாகவும் இல்லை.

கேள்வி நேரத்தில் முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு சேகர் எழுந்தார். ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கமலா நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர், பாப்பா வயித்துல இருக்கும்போது இவங்கள நான் மோட்டர்ல ஏத்திக்கிட்டு வந்தேன். நல்ல மழை. ரோட்டுல தண்ணி நின்னுச்சி, குழி இருந்தது தெரியல. ரெண்டு பேரும் விழுந்துட்டோம்." இங்கே மோட்டார் சைக்கிளை மோட்டர் என்றுதான் சொல்வார்கள். "அன்னிக்கி அடி ஒண்ணும் இல்லைன்னாங்க. ஆனா அதனாலதான் பாப்பாவுக்கு இப்படின்னு... அதனாலதானா?"

மதி ஓரடி முன்னால் வந்தாள்.

"எத்தனாவது மாசம் அண்ணே?"

"எட்டு."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. இது முக்கியம்."

"தெரியும் டாக்டர். தைப்பூசம் முடிஞ்சி மறுவாரம். மார்ச் கடைசில பொறந்தா. பதினாலு வருஷமா கணக்குப் போட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

மதி திரும்புவதற்குள் இனியா, யாரும் சொல்லாமலே, பழைய படத்தைத் திரையில் கொண்டுவந்திருந்தாள். மாதம் மாதமாக மூளை வளரும் படம்.

"இங்க பாருங்க அண்ணே. செல்லுங்க ஏறத் தொடங்குறது மூணாம் மாசம் வாக்குல. ஆறாம் மாசத்துக்குள்ள கிட்டத்தட்ட எல்லாம் ஏறி முடிஞ்சிரும். உங்க பொண்ணுக்கு ஸ்கேன்ல தெரியுற பட்டை, பாதி வழியில நின்ன செல்லுங்க. அதுங்க அங்க நின்னப்புறம்தான் நீங்க விழுந்திருக்கீங்க. விழுந்ததால நிக்கல. நீங்க அன்னைக்கு வீட்டுலயே உக்காந்திருந்தாலும் அதுங்க அங்கதான் நின்னிருக்கும்."

"நெசமாவா?"

"இருபது வருஷமா நான் பார்க்கறது இது ஒண்ணைத்தான் அண்ணே. இதுல எனக்குச் சந்தேகம் இல்லை."

சேகர் உட்காரவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒலிவாங்கி அணைந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அழுதார். அது மண்டபம் முழுக்கக் கேட்டது. கமலா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "அந்த விழுந்தத நானே மறந்துட்டேன் லா. இதுக்குத்தான் மோட்டர வித்தீங்களா? போலீஸ் தொல்லைன்னு சொன்னீங்களே," என்று அவர் கேட்டது முன்வரிசையிலிருந்த எங்களுக்கு மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு மார்பு விம்மிப்போயிருந்தது. எலிக்கு எதற்கு டாக்டர் என்று கேட்ட பெரியப்பா மகனுக்கு அப்போதே போன் செய்ய வேண்டும் போலிருந்தது.

6

பத்து நாள் கழித்து சேகரிடமிருந்து போன். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"பாஸ், கமலா சரியாவே சாப்பிட மாட்டேங்கறா. என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. டாக்டர்கிட்டதான் சொல்வாளாம். ஒரு நடை வர முடியுமா?"

அந்த ஞாயிறு மதியும் நானும் கிள்ளான் போனோம். வரிசை வீடு, வாசலில் கறிவேப்பிலைச் செடி. கமலா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை பார்ப்பவர்; மீன் கறியும் ரசமும் வைத்து இலை போட்டு உட்கார வைத்தார். மகள் தர்ஷினி சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கமலா வாயைத் திறந்தார்.

"அன்னிக்கி இவருக்குச் சொன்னீங்க. எட்டாம் மாசம் இல்ல, மூணாம் மாசம்தான் தொடங்குதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"மூணாம் மாசம் எனக்கு ஒரே வாந்தி. பக்கத்து வீட்டு மாக்சிக் ஜாமு அரைச்சிக் குடுத்தாங்க. ஒரு வாரம் குடிச்சேன். இவருக்குக்கூடத் தெரியாது." மாக்சிக் என்பது மலாய்க்காரப் பெரியம்மாக்களைக் கூப்பிடும் முறை, ஜாமு அவர்கள் வேர் தழை அரைத்துச் செய்யும் நாட்டு மருந்து. "அப்போ நான்தானே?"

கணவனை விடுவித்த அதே வாக்கியம் மனைவியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பத்து நாளாக நான் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். இந்த வீட்டில் ஒருத்தி சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள்.

உடனே 'இல்லை, நீங்கள் இல்லை' என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். மதி சொல்லவில்லை.

"அக்கா, அந்த மருந்துல என்ன இருந்துச்சின்னு எனக்குத் தெரியாது. தெரியாம நான் பதில் சொல்லக் கூடாது. பாப்பாவோட ரிப்போர்ட் எல்லாம் வச்சிருக்கீங்களா?"

கமலா அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து வந்தார். மதி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பாதிக்கு மேல் போனபின் ஒரு தாளில் நின்றாள். படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள்.

"இந்த ரத்தப் பரிசோதனை எப்ப எடுத்தது?"

"பாப்பாவுக்கு ஆறு வயசு இருக்கும்," என்றார் சேகர். "எங்க ரெண்டு பேருகிட்டயும் எடுத்தாங்க."

"இங்க வாங்க அக்கா. கிட்ட வாங்க." கமலா வந்து எதிரில் உட்கார்ந்தார். "செல்லு எப்படி ஏறணும்னு உடம்புக்குள்ள எழுதி வச்சிருக்கு. பாப்பாவுக்கு அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அது உங்ககிட்ட இல்ல. அண்ணன்கிட்டயும் இல்ல. பாப்பாகிட்டதான் புதுசா வந்திருக்கு. ரத்தம் முழுக்க இருக்குன்னா, கரு உண்டான முதல் நாளே அது இருந்திருக்கு. நீங்க உண்டாயிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியறதுக்கு முன்னால. ஜாமு குடிச்சது மூணாம் மாசம். அது இல்ல அக்கா. இதை உங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டயும் கேட்டுப் பாருங்க. ஆனா தாள்ல தெளிவா இருக்கு."

"யார் மேலயும் தப்பு இல்லையா?"

"யார் மேலயும் இல்லை."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கோபம் வந்தது. கோப்பைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தார். "எட்டு வருஷமா இது என் அலமாரியில இருந்துச்சி! சீலைக்கு அடியில இருந்துச்சி! அன்னிக்கே டாக்டர் சொல்லியிருப்பாரு. நான்தானே புரிஞ்ச மாதிரி யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்னு தலையாட்டிட்டு வந்தேன்!"

சேகர் தயங்கித் தயங்கி அவர் தோளில் கை வைத்தார். கமலா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. "இன்னொரு வாட்டி வாசிங்க," என்றார் மதியிடம். "மெதுவா."

மதி மறுபடி வாசித்தாள். ஒவ்வொரு வரியாக, ஆங்கிலத்தைப் பார்த்து, தமிழில். நடுவில் ஒரு சொல்லுக்குத் தடுமாறியபோதும் என் பக்கம் திரும்பவில்லை. அவளே தேடிப் பிடித்தாள். நான் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் நான் யாரென்று கேட்டிருந்தால், இவளைச் சார்ந்து வாழ்பவன் என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் திரை விலகி தர்ஷினி வந்தாள். வயதுக்குச் சின்ன உருவம். வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசுவாள்.

"ஆன்டி. நின்னுபோன செல்லு செத்துப்போச்சா?"

நாங்கள் நான்கு பெரியவர்கள் அவளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம். அவளிடம் ஒருவரும் பேசவில்லை. மதி பக்கத்தில் இடம் விட்டு, ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, மூளையை வரைந்தாள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு பட்டை.

"இல்லடா. உயிரோடதான் இருக்கு. இந்தா, இங்க. அங்கேயே வேலை செய்யுது. பக்கத்துல இருக்கறதுங்களோட பேசுது. சில நேரம் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து கத்திருது. அப்பத்தான் உனக்கு ஃபிட்ஸ் வருது."

"மருந்து?"

"கத்தாம இருக்கறதுக்கு."

தர்ஷினி அந்தப் பட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். எழுந்து அறைக்குள் போனாள். ஒரு பென்சில் பெட்டியோடு வந்து அதைத் திறந்து எங்கள் முன்னால் வைத்தாள். உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாக மாத்திரைகள், பாதி பெட்டி.

கமலா எழுந்தே விட்டார். "தர்ஷினி! சாப்பிடலியா நீ?"

"மூளைய சாகடிக்கற மருந்துன்னு நெனச்சேன்," என்றாள். "சாப்பிட்டா தூக்கம் வருது. அதான்."

யாரும் அவளைத் திட்டவில்லை. மதி பெட்டியை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, "பழசையெல்லாம் சாப்பிடக் கூடாது. நாளைக்கே டாக்டர்கிட்ட இதைக் காட்டணும், தூக்கம் வருதுன்னும் சொல்லணும்," என்று சேகரிடம் சொன்னாள். அவர் தலையை அசைத்தார்.

"இன்னிக்கி மத்தியான மாத்திரை?" என்று கேட்டாள் தர்ஷினி.

கமலா எடுத்துக் கொடுத்தார். யாரும் தண்ணீர் கொண்டுவருவதற்குள் அவளே போய் ஒரு குவளை நிறைய ஊற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மாத்திரையை விழுங்கினாள். வாயைத் திறந்து அம்மாவிடம் காட்டினாள். பிறகு தலையின் பக்கவாட்டில், படத்தில் பட்டை இருந்த இடத்தைக் கணக்காகப் பார்த்து, இரண்டு விரலால் தட்டினாள்.

"கத்தாதீங்க லா," என்றாள்.